லோகோஸ், ரேமா, டூனமிஸ்: கிரேக்கச் சொல் பாத்து வேதபாடம் எடுக்கிற ஆக்களுக்கு

பூவரசு எழுதியது:

இஞ்சை வீட்டுக்கூட்டங்களிலையும் வாலிபர் கூட்டங்களிலையும் "மூலபாஷையிலை இதுக்கு அர்த்தம் வேற" எண்டு சொல்லாத பிரசங்கமே இப்ப இல்லை. கேக்கிற சனம் கொப்பியிலை எழுதிக்கொண்டு போகுது. சரியோ பிழையோ எண்டு பாக்கிற வழி ஒருத்தருக்கும் தெரியாது. விசயம் தெரிஞ்ச ஆக்கள் இதிலை இருக்கிறபடியால் மூண்டு கேள்வி.

லோகோஸ் எண்டால் எழுதப்பட்ட பொதுவான வசனம், ரேமா எண்டால் அந்த நேரத்துக்கு ஆவியானவர் தனிப்படத் தாற வசனம் எண்டு சொல்லினம். கிரேக்கத்திலை அப்பிடி ஒரு பிரிப்பு இருக்கோ? அடுத்தது, கிரேக்கம் படிக்காத ஒராள் ஸ்ட்ரோங் இலக்கத்தை மட்டும் வைச்சு எவ்வளவு தூரம் போகலாம்? மூண்டாவது, எங்கடை தமிழ் வேதாகமத்திலை இருந்து நேரா கிரேக்கத்துக்குப் போக ஏலுமோ, இல்லாட்டி இங்கிலீசுக்குள்ளாலைதான் சுத்திப் போகவேணுமோ?

கடலேரி எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் இப்ப சொல்லுறன். அப்பிடி ஒரு பிரிப்பு இல்லை, பிள்ளை. மத்தேயு 12:36, 37 ரெண்டு வசனத்தையும் திறந்து வைச்சுப் பாருங்கோ, வேற ஒண்டும் தேவையில்லை. "மனுஷர் பேசும் வீணான வார்த்தைகள்" எண்டு தமிழிலை இருக்கிற இடத்திலை கிரேக்கத்திலை நிக்கிறது ரேமா. ஆவியானவர் தனிப்படத் தாற வசனம் எண்டால் வீண்வார்த்தைக்கு அந்தச் சொல்லை ஆர் போடுவினம்? அதே வசனத்திலை "கணக்கொப்புவிக்கவேண்டும்" எண்டதிலை வாற கணக்கு, லோகோஸ். அடுத்த வசனத்திலை "உன் வார்த்தைகளினாலே" எண்டு வாறதும் லோகோஸ்தான். முதல் வசனத்திலை ரேமா எண்டு சொன்ன அதே பேச்சைத்தான் ரெண்டாம் வசனம் லோகோஸ் எண்டு சொல்லுது.

1 பேதுரு 1:23 இலை லோகோஸ், 25 இலை ரேமா. ஏன் மாறுது? 24, 25 ரெண்டும் ஏசாயா 40 இலை இருந்து எடுத்தது. செப்துவஜிந்த் எண்டு சொல்லுற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலை அந்த இடத்திலை ரேமா எண்டு இருக்கு, பேதுரு அதை அப்பிடியே எடுத்திருக்கிறார். எபிரெயத்திலை "தாபார்" எண்ட ஒரே சொல்லுக்குத்தான் அந்த மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு இடத்திலை லோகோஸும் இன்னொரு இடத்திலை ரேமாவும் போட்டினம். எபேசியர் 6:17 இலை ஆவியின் பட்டயம் ரேமா, எபிரெயர் 4:12 இலை இருபுறமும் கருக்கான பட்டயத்திலும் கருக்கானது லோகோஸ். லூக்கா 2:15 இலை மேய்ப்பர்கள் "இந்தக் காரியத்தை" போய்ப் பாப்பம் எண்டு சொல்லுகினமே, அந்தக் காரியமும் ரேமா. அங்கை அது சொல்லுக்கூட இல்லை, நடந்த சம்பவம்.

ரோமர் 10:17 தான் உந்தப் போதனைக்கு அடி, விசுவாசம் கேள்வியினாலே வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினாலே வரும் எண்ட இடத்திலை வசனம் ரேமா. ஆனால் 10:8 இலை பவுலே விளக்கம் குடுத்திட்டார்: நாங்கள் பிரசங்கிக்கிற விசுவாசத்தின் வார்த்தை. ஊரறியச் சொல்லுற பிரசங்கம் அது, காதுக்குள்ளை தனியச் சொல்லுறது இல்லை.

மானிப்பாய்ப்பொடியன் எழுதியது:

ஸ்ட்ரோங் பற்றி. அக்கா, முதல் அது என்ன எண்டு விளங்கவேணும். ஜேம்ஸ் ஸ்ட்ரோங் 1890 இலை வெளியிட்டது ஒரு சொல்லடைவு, அகராதி இல்லை. கிங் ஜேம்ஸ் இங்கிலீசு வேதாகமத்திலை இருக்கிற ஒவ்வொரு சொல்லும் எந்த வசனத்திலை வருது எண்டு காட்டிப்போட்டு, அதுக்குப் பின்னாலை இருக்கிற எபிரெய, கிரேக்கச் சொல்லுக்கு ஒரு இலக்கம் குடுத்தவர். கிரேக்கத்துக்கு 1 இலை இருந்து 5624 வரை. அதிலையும் 2717, பிறகு 3203 தொடக்கம் 3302 வரை வெறும் இலக்கம், சொல் இல்லை. "புதிய ஏற்பாட்டிலை 5624 சொல் இருக்கு" எண்டு ஆராவது சொன்னால் கடைசி இலக்கத்தைப் பாத்துச் சொல்லினம் எண்டு அர்த்தம்.

பிழை வாற இடம் மூண்டு.

இலக்கம் அகராதிச் சொல்லுக்கு மட்டும்தான். காலம், வேற்றுமை, ஒருமை பன்மை, செய்வினை செயப்பாட்டுவினை ஒண்டும் அதிலை தெரியாது. தமிழிலை "வா" எண்டதுக்கு ஒரு இலக்கம் குடுத்துப்போட்டு, வந்தான், வரமாட்டாள், வரவழைத்தார் எல்லாத்துக்கும் "வா" எண்டு அர்த்தம் சொல்லுற மாதிரி.

ஸ்ட்ரோங் பதிவின் கடைசியிலை ஒரு கோடு போட்டு வரிசையாச் சொற்கள் இருக்கும். அது அர்த்தப் பட்டியல் இல்லை. கிங் ஜேம்ஸிலை அந்தச் சொல் எப்பிடியெல்லாம் மொழிபெயர்க்கப்பட்டிருக்கு எண்ட பட்டியல். அதிலை பிடிச்சதை எடுத்து வசனத்துக்குள்ளை செருகுறதுதான் நடக்குது. 5485, காரிஸ். கிருபை எண்டு எல்லாருக்கும் தெரியும். ரோமர் 6:17 இலை "தேவனுக்கு ஸ்தோத்திரம்" எண்ட இடத்திலையும் இதே காரிஸ்தான். அங்கை கிருபை எண்டு போட்டால் நாங்கள் தேவனுக்குக் கிருபை குடுக்கிற மாதிரி வரும்.

மூண்டாவது, சில இலக்கம் ரெண்டு சொல்லை ஒண்டாக் கட்டியிருக்கு. 1492 ஐப் பாருங்கோ. "கண்டான்" எண்ட எய்தொனும் "அறிந்திருக்கிறேன்" எண்ட ஒய்தாவும் அதுக்குள்ளை. மூலம் ஒண்டுதான், ஆனால் புதிய ஏற்பாட்டுக் காலத்திலை ரெண்டும் ரெண்டு வேலை செய்யுது. இலக்கத்தைத் தட்டித் தேடினால் கண்டதும் அறிஞ்சதும் கலந்து வரும். பிறகு "கிரேக்கத்திலை அறிகிறது எண்டால் கண்ணாலை காண்கிறது" எண்டு ஒரு பிரசங்கம் பிறக்கும்.

பூவரசு எழுதியது:

அப்ப இலக்கத்தை விட்டிட்டு என்ன செய்யிறது? படிப்படியாச் சொல்லுங்கோ. கைத்தொலைபேசி மட்டும் இருக்கிற ஆளை நினைச்சுச் சொல்லுங்கோ.

மானிப்பாய்ப்பொடியன் எழுதியது:

இலக்கத்தை விடவேண்டாம். அது கதவு இலக்கம், வீட்டுக்குள்ளை போகவேணும்.

வசனத்தை ஆலயங்களிலை வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பிலையும் திருவிவிலியம் எண்ட புது மொழிபெயர்ப்பிலையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சு வாசியுங்கோ. பிறகு ஸ்டெப் பைபிள் அல்லது பைபிள் ஹப் எண்ட இணையத்தளத்திலை அந்த வசனத்தின் வரியிடை மொழிபெயர்ப்பைத் திறவுங்கோ. தமிழிலை இருந்து நேரே போற கஷ்டம் இதிலைதான்: தமிழிலை வினைமுற்று கடைசியிலை வரும், கிரேக்கத்திலை பெரும்பாலும் முன்னுக்கு வந்திடும். பவுலின்ரை நீட்டு வசனம் எண்டால் தமிழின் கடைசிச் சொல்லிலை தொடங்கிப் பின்னோக்கி வந்தால் கெதியாப் பொருந்தும். இங்கிலீசு அரைகுறையாத் தெரிஞ்சாலும் காணும், வரியிடையிலை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழை ஒரு சொல்தான் இருக்கும்.

சொல்லைப் பிடிச்ச உடனை மூண்டை எழுதுங்கோ: அகராதி வடிவம், இலக்கம், வசனத்திலை அது நிக்கிற உருவம். பிறகு அகராதியைத் திறக்கவேண்டாம். அந்தச் சொல் அதே புத்தகத்திலை வாற எல்லா இடத்தையும் எடுங்கோ. அதுக்குப் பிறகு அதே எழுத்தாளர், அதுக்குப் பிறகு மற்றப் புதிய ஏற்பாடு, கடைசியா செப்துவஜிந்த். லோகோஸ் மாதிரி முந்நூறு இடத்துக்கு மேலை வாறது எண்டால் அந்த ஒரு புத்தகத்தோடை நிப்பாட்டலாம். ஒவ்வொரு இடத்திலையும் தமிழ் என்ன போட்டிருக்கு எண்டு எழுதிக் கூறு பிரியுங்கோ. அநேகமா ரெண்டு, மூண்டு, நாலு கூறாப் பிரியும். உங்கடை வசனம் எந்தக் கூறுக்குள்ளை விழுது எண்டு நீங்களே முடிவெடுத்த பிறகு அகராதி.

எந்த அகராதி? தேயர் இலவசமாக் கிடைக்கும், ஆனால் 1880களிலை வந்தது. எகிப்திலை தோண்டின பப்பிரசுக் கடதாசிகள், கடை ரசீது, வீட்டுக் கடிதம் எல்லாம் பெருமளவிலை பதிப்பிச்சது அதுக்குப் பிறகு. அதாலை "இந்தச் சொல் வேதத்திலை மட்டும்தான் வருது" எண்டு தேயரிலை இருந்தால் நம்பவேண்டாம். அபட்-ஸ்மித் 1922, அதுவும் இலவசம், எபிரெயச் சொல்லையும் சேர்த்துத் தரும், தொடங்கிற ஆளுக்கு அது காணும். இண்டைக்கு எல்லாரும் மேற்கோள் காட்டுறது பவர்-டாங்கர், மூண்டாம் இங்கிலீசுப் பதிப்பு 2000. விலை கூட. கொழும்புத்துறைக் குருமடம் மாதிரி இறையியல் நூலகம் இருக்கிற இடங்களிலை கேட்டுப் பாருங்கோ. லிடல்-ஸ்கொட் ஹோமரிலை தொடங்கிற பெரிய கிரேக்க அகராதி. அதிலை முதலாவதா இருக்கிற அர்த்தம் பவுலுக்கு எண்ணூறு வருசம் முந்தினதா இருக்கலாம்.

தென்றல்_நல்லூர் எழுதியது:

ரேமா விசயம் விளங்குது. ஆனால் எல்லாத்தையும் உடைக்கவேண்டாம். அகபே தெய்வீக அன்பு, பிலியா மனுச நட்பு எண்டது ஊரறிஞ்ச விசயம். யோவான் 21 இலை இயேசு ரெண்டுதரம் அகபே எண்டு கேக்கிறார், பேதுரு பிலியா எண்டு பதில் சொல்லுறார், மூண்டாம்தரம் இயேசு பேதுருவின்ரை நிலைக்கு இறங்கி வாறார். எங்கடை பழைய மொழிபெயர்ப்பே "அன்பாயிருக்கிறாயா" எண்டு ரெண்டுதரமும் "நேசிக்கிறாயா" எண்டு மூண்டாம்தரமும் பிரிச்சுத்தானே போட்டிருக்கு. அவை சும்மாவோ பிரிச்சவை?

கடலேரி எழுதியது:

நல்ல கேள்வி. அவை சும்மா பிரிக்கேல்லை, கிரேக்கத்திலை ரெண்டு வினை எண்டதைத் தமிழிலை காட்டியிருக்கினம். ஆனால் ரெண்டு சொல் எண்டதாலை ரெண்டு அர்த்தம் எண்டு வராது. அதைத் தனியா நிரூபிக்கவேணும்.

அதே பந்தியிலை சோடி சோடியா மாறுற சொல் இன்னும் மூண்டு கிடக்கு. ஆட்டுக்குட்டி ஒருக்கா, ஆடு ரெண்டுதரம், தமிழிலையும் தெரியும். மேய்க்கிறதுக்கு பொஸ்கோ, பொய்மைனோ, திரும்ப பொஸ்கோ. தமிழிலை மூண்டும் "மேய்ப்பாயாக". 17 ஆம் வசனத்திலை "அறிந்திருக்கிறீர்", "அறிவீர்" எண்டு வாறதும் ரெண்டு வேற வினை. அன்பிலை மட்டும் ஆழமான வித்தியாசம் பாத்திட்டு மேய்க்கிறதிலையும் அறியிறதிலையும் ஏன் ஒருத்தரும் பிரசங்கம் செய்யிறேல்லை? யோவான் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாமல் மாத்தி எழுதுறவர்.

அவர் மற்ற இடங்களிலை எப்பிடிப் பாவிக்கிறார் எண்டும் பாருங்கோ. அகபேயின்ரை வினை அகபாஓ, பிலியாவின்ரை வினை பிலெஓ. பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார், 3:35 இலை அகபாஓ, 5:20 இலை பிலெஓ. இயேசுவுக்கு அன்பான சீஷன், 13:23 இலை அகபாஓ, 20:2 இலை பிலெஓ. பிதா குமாரனை நட்பளவிலை மட்டும் நேசிச்சார் எண்டு 5:20 க்கு ஆர் சொல்லுவினம்? பேதுருவின் பதிலும் "ஆம்" எண்டுதான் தொடங்குது. கேட்ட அன்பு ஒண்டு, தாற அன்பு குறைஞ்சது எண்டால் "ஆம்" எண்டு சொல்லேலாது. அவர் துக்கப்பட்டதுக்குக் காரணத்தையும் வசனமே சொல்லுது, மூண்டாம்தரம் கேட்டபடியால்.

அகபே எப்பவும் தெய்வீகம் எண்டதும் நிக்காது. தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசை வைச்சுப் பவுலை விட்டிட்டுப் போனது, 2 தீமோத்தேயு 4:10, அகபாஓ. பரிசேயர் முதன்மையான ஆசனத்தை விரும்பினது, லூக்கா 11:43, அகபாஓ. செப்துவஜிந்திலை 2 சாமுவேல் 13 இலை அம்னோன் தாமார்மேலை வைச்ச மோகத்துக்கும் இதே சொல்தான். 1 கொரிந்தியர் 13 இலை அகபே உயர்ந்து நிக்குது எண்டால் பவுல் அதைச் சுத்திச் சொன்ன பதினைஞ்சு விளக்கத்தாலை, சொல்லுக்குள்ளை ஒளிச்சிருந்த சத்தாலை இல்லை.

யோவான் 21 இலை வித்தியாசம் கருதித்தான் எழுதியிருக்கு எண்டு சொல்லுற அறிஞர்களும் இருக்கினம். நீங்கள் அந்தப் பக்கம் நிக்கலாம். ஆனால் 5:20 க்கும் 20:2 க்கும் பதில் வைச்சுக்கொண்டு நில்லுங்கோ.

ஓலைச்சுவடி எழுதியது:

மேலே சொன்ன முறையில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. எந்தக் கிரேக்க மூலம்? நமது பழைய மொழிபெயர்ப்பு பெரும்பாலும் எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516 இல் அச்சிட்டதன் வழிவந்த மூலத்தைத் தழுவியது. திருவிவிலியம் பழைய சுவடிகளை ஒப்பிட்டு அறிஞர் அமைத்த நெஸ்லே-ஆலண்ட் பதிப்பின் வழிவந்த மூலத்தைத் தழுவியது. இரண்டு தமிழ் வேதாகமங்களும் ஓரிடத்தில் அடியோடு வேறுபட்டால், சொல்லாராய்ச்சிக்கு இறங்கும் முன் மூலபாட வேறுபாடா என்று பார்க்க வேண்டும்.

வெளிப்படுத்தல் 22:14 இதற்கு நல்ல சான்று. பழைய மொழிபெயர்ப்பில் "அவருடைய கற்பனைகளின்படி செய்கிறவர்கள் பாக்கியவான்கள்". மற்றதில் தங்கள் ஆடைகளைத் துவைத்துக்கொள்வோர் என்ற பொருள். கிரேக்கத்தில் "பொயூந்தெஸ் தாஸ் எந்தொலாஸ்" ஒன்று, "ப்லூனொந்தெஸ் தாஸ் ஸ்தொலாஸ்" மற்றது. ஒருவர் வாசிக்க இன்னொருவர் எழுதும்போதும், தேய்ந்த சுவடியைப் பார்த்து எழுதும்போதும் ஒன்று மற்றதாக மாறிவிடக்கூடிய அளவுக்கு நெருக்கம். இதை அறியாமல் "கற்பனை என்பதற்கு மூலத்தில் ஆடை என்று பொருள்" என்று சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் கெட்டது.

1 யோவான் 5:7 இல் பரலோகத்திலே சாட்சியிடுகிற மூவர் பற்றிய பகுதி எராஸ்மஸின் முதலிரு பதிப்புகளில் இல்லை, 1522 இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்குள் நின்று கிரேக்கச் சொல்லாராய்ச்சி செய்வது வீண் வேலை. ரோமர் 8:1 இன் பிற்பகுதி, அப்போஸ்தலர் 8:37 ஆகியவற்றிலும் இதே எச்சரிக்கை. பைபிள் ஹப்பில் வரியிடைக்கு ஒரு மூலமும் கிங் ஜேம்ஸ் இலக்கங்களுக்கு வேறு மூலமும் இருப்பதால், ஒரு சொல் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமற் போவது உங்கள் தேடலின் பிழை அன்று.

பூவரசு எழுதியது:

கற்பனை எண்டு வந்தபடியால் கேக்கிறன். பிள்ளைகளுக்குப் பழைய மொழிபெயர்ப்பின் தமிழே விளங்குதில்லை. கிரேக்கத்துக்கு முதல் அதுக்கு என்ன செய்யிறது?

அச்சகம் எழுதியது:

இதுதான் முதலில் செய்ய வேண்டிய வேலை. இப்போது ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு 1871 இல் ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்தது. அந்தக் காலத் தமிழில் கற்பனை என்றால் கட்டளை. சுதந்தரம் என்றால் உரிமைச் சொத்து. எபேசியர் 1:14 இல் "நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரமாயிருக்கிறார்" என்பதை விடுதலை என்று எடுத்துப் பிரசங்கம் செய்தால் கிரேக்கம் வரை போகத் தேவையில்லை, தமிழிலேயே வழுக்கிவிட்டது. அங்கே இருப்பது க்லேரொநொமியா, 2817, சுதந்தரிப்பது. விடுதலை என்ற பொருளுக்கு எலெவ்தெரியா, 1657, கலாத்தியர் 5:1 இல் அதைச் "சுயாதீனம்" என்று போட்டிருக்கிறார்கள். அச்சாரம் என்ற சொல்லோ அற்புதமான தெரிவு. அர்ரபோன், 728, வணிகத்தில் முழுத்தொகைக்கு முன்னால் கொடுக்கும் பங்கு. காணி வாங்கப் போகிற யாருக்கும் இங்கே விளக்கம் தேவைப்படாது.

ஐயம் வந்தால் வின்ஸ்லோவின் தமிழ் அகராதி, 1862. அமெரிக்க இலங்கை மிஷனைச் சேர்ந்தவர், யாழ்ப்பாணத்தில் திரட்டப்பட்ட சொற்களின்மேல் எழுந்த அகராதி, காலமும் மொழிபெயர்ப்போடு பொருந்துகிறது. இணையத்தில் இலவசம்.

இன்னொன்று. "நாவலர் மொழிபெயர்த்த வேதாகமம்" என்று பழைய மொழிபெயர்ப்பின் சொற்களுக்கு ஆறுமுக நாவலரைச் சாட்சிக்கு இழுப்பது அடிக்கடி நடக்கிறது. நாவலர் உதவியது பீற்றர் பேர்சிவலின் மொழிபெயர்ப்புக்கு, 1850 இல் வெளிவந்தது. கையில் இருப்பது அது அன்று. 1871 இன் ஒரு சொல்லை வைத்து "நாவலரே இப்படிப் போட்டார்" என்று சொல்ல முடியாது.

தென்றல்_நல்லூர் எழுதியது:

வல்லமை எண்டு அர்த்தமுள்ள டூனமிஸிலை இருந்துதான் டைனமைட் வந்தது எண்டதும் பிழையோ?

கடலேரி எழுதியது:

வந்தது சரி. அல்பிரட் நோபல் 1867 இலை தன்ரை வெடிமருந்துக்குப் பேர் வைக்கக் கிரேக்கச் சொல்லை எடுத்தார். ரோமர் 1:16 எழுதேக்கை பவுலுக்கு வெடிமருந்து தெரியாது. சொல் போன திசை அங்கை இருந்து இஞ்சை. அர்த்தத்தைத் திருப்பிக்கொண்டு போய் அங்கை வைக்கேலாது. மத்தேயு 25:15 இலை "திறமைக்குத்தக்கதாக" எண்ட திறமையும் டூனமிஸ். 1 கொரிந்தியர் 14:11 இலை பாஷையின் கருத்து எண்ட இடத்திலை கருத்தும் டூனமிஸ். ஒரு சொல்லின்ரை அர்த்தத்துக்கே பவுல் டூனமிஸ் எண்டு போட்டிருக்கிறார், அதை ஒருத்தரும் வெடிக்க வைக்கிறேல்லை.

எபேசியர் 2:10 இலை பொயேமா எண்டு இருக்கு, இங்கிலீசு "poem" அதிலை இருந்து வந்தது, அதாலை நாங்கள் தேவனுடைய கவிதை எண்டு சொல்லுறதும் இதே வழி. ரோமர் 1:20 இலையும் அதே சொல், படைக்கப்பட்டவைகள் எண்டு. தமிழின் "செய்கை" சரியா நிக்குது. சபை எண்டு வாற எக்லேசியாவை "வெளியே அழைக்கப்பட்டவர்கள்" எண்டு எக், கலெஓ ரெண்டாப் பிரிக்கிறதுக்கும் அப்போஸ்தலர் 19:32 பதில் சொல்லும். எபேசு அரங்கிலை ஏன் கூடினம் எண்டே தெரியாமல் கத்தின கும்பலும் எக்லேசியா.

ஓலைச்சுவடி எழுதியது:

வேர்ச்சொல் முழுக்கப் பயனற்றது என்று ஆகிவிடக் கூடாது. ஒரு சொல் மிக அரிதாக, ஒரேயொரு முறை வந்தால், பாவனையை ஒப்பிட வழியில்லை. 2 தீமோத்தேயு 3:16 இன் தெயொப்னெவ்ஸ்தொஸ் புதிய ஏற்பாட்டில் அந்த ஓரிடத்தில்தான். கடவுள், ஊதுதல் என்ற இரு பகுதியும் வெளிப்படையாகத் தெரிகின்றன, அங்கே பிரித்துப் பார்ப்பது நியாயம். பாவனை நிறைய இருக்கும்போது வேரைத் தோண்டுவதுதான் பிழை.

மொனொகெனேஸ் இடையில் நிற்கிறது. யோவான் 3:16 இல் "ஒரேபேறான". வேர் பிறப்பித்தலா, இனம் அல்லது வகையா என்று வாதம் உண்டு. பாவனையைப் பார்த்தால் லூக்காவில் மூன்று இடம், விதவையின் மகன், யவீருவின் மகள், பிசாசு பிடித்த பையன், மூவரும் ஒற்றைப் பிள்ளைகள். எபிரெயர் 11:17 இல் ஈசாக்கு. இஸ்மவேல் முன்னே பிறந்திருந்தும் ஈசாக்குக்கு அந்தச் சொல். எண்ணிக்கையை விட ஈடில்லாத நிலைதான் அங்கே முக்கியம்.

மானிப்பாய்ப்பொடியன் எழுதியது:

"முடிந்தது", யோவான் 19:30. "கடன் முழுவதும் கட்டப்பட்டது எண்டு ரசீதிலை எழுதுற சொல்" எண்டு பரவலாச் சொல்லினம். எகிப்தின் சுங்க ரசீதுகளிலை "தெதெல்" எண்டு குறுக்கி எழுதியிருக்கு, அது தெதெலோநேதை, சுங்கம் கட்டப்பட்டது எண்ட வேற வினையின் குறுக்கம். ரசீதைத் தேடிப் போகமுதல் ரெண்டு வசனம் மேலை பாருங்கோ, 19:28. "எல்லாம் முடிந்தது" எண்டு அறிஞ்சு. அதே சொல், அதே உருவம், தெதெலெஸ்தை. அங்கை கடன் எண்டு போட்டு வாசிச்சுப் பாருங்கோ. உருவத்திலை ஒரு உண்மை இருக்கு: நிறைவுகாலம், முடிஞ்சு அந்த முடிவு நிலைச்சு நிக்குது. அதைச் சொல்லுங்கோ, அது வசனத்துக்குள்ளேயே இருக்கு.

காலத்தைப் பற்றி இன்னொண்டு. அயொரிஸ்ட் எண்ட கிரேக்க வினை வடிவம் வந்தால் "ஒரேதரம், ஒரேயடியாய்" எண்டு சொல்லுறதும் பிழை. யோவான் 2:20 இலை தேவாலயம் கட்டின 46 வருசத்துக்கும் அயொரிஸ்ட்தான். வெளிப்படுத்தல் 20:4 இலை ஆயிரம் வருசம் அரசாண்டதுக்கும் அதுதான். நடந்ததை முழுசா ஒண்டாச் சொல்லுது, எவ்வளவு நேரம் எண்டு சொல்லுறேல்லை.

பூவரசு எழுதியது:

கிரேக்க எழுத்துப் படிக்காமல் தமிழிலை எழுதி வைச்சால் காணாதோ? பிள்ளைகளுக்குப் படிப்பிக்க லேசா இருக்கும்.

கடலேரி எழுதியது:

உயிரெழுத்துக்குத் தமிழ் கெட்டி. கிரேக்கத்திலை எ ஏ, ஒ ஓ ரெண்டு சோடிக்கும் தனித்தனி எழுத்து, எங்களுக்கும் அப்பிடியே, இங்கிலீசுக்கு இல்லை. கிறிஸ்தொஸ் எண்டால் அபிஷேகம் பெற்றவர், கிறேஸ்தொஸ் எண்டால் தயவுள்ளவர். 1 பேதுரு 2:3 இலை வாறது ரெண்டாவது. குறில் நெடில் பாத்து எழுதினால் பிள்ளைக்குக் குழப்பம் இல்லை. உண்மையிலை லோகோஸும் ரெண்டு குறில், லொகொஸ்.

மெய்யெழுத்திலைதான் விழும். ரோமர் 11:33 இலை "ஆழம் எவ்வளவாயிருக்கிறது" எண்ட ஆழமும் 1 தெசலோனிக்கேயர் 4:5 இலை வாற மோகமும் தமிழிலை எழுதினால் ரெண்டும் பாதொஸ். கிரேக்கத்திலை முதல் எழுத்து வேற. இருபத்துநாலு எழுத்துத்தான், அதைப் படிப்பியுங்கோ. அது வரைக்கும் தமிழ் எழுத்துக்குப் பக்கத்திலை இலக்கத்தைப் போடுங்கோ, 899 ஆழம், 3806 மோகம்.

தமிழ் தாற இன்னொரு நன்மை, நீ நீங்கள். லூக்கா 22:31 இலை சாத்தான் "உங்களை" புடைக்கக் கேட்டான், 32 இலை "உனக்காக" வேண்டிக்கொண்டேன். கிரேக்கத்திலும் பன்மையும் ஒருமையும் அப்பிடியே. ஆனால் நாம், நாங்கள் வித்தியாசம் கிரேக்கத்திலை இல்லை. மாற்கு 4:38 இலை படகிலை "நாங்கள் மடிந்துபோகிறது" எண்டு சீஷர் இயேசுவை விட்டுப் பேசுகிற மாதிரி வாறது தமிழ் மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவு. நல்ல முடிவு, ஆனால் அதிலை உபதேசம் கட்டவேண்டாம்.

பூவரசு எழுதியது:

கடைசியா ஒண்டு. அடுத்த பாடம் கர்த்தருடைய ஜெபம். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" எண்டதிலை "வேண்டிய" எண்ட சொல்லுக்கு 1967 எண்டு இலக்கம் வருது. பாவனையைத் தேடினால் மத்தேயு 6:11, லூக்கா 11:3 ரெண்டும்தான். வேற ஒண்டும் இல்லை.

ஓலைச்சுவடி எழுதியது:

எபியூசியொஸ். வேறெங்கும் தேட வேண்டாம், மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் இச்சொல் கிரேக்கர் பேச்சிலோ நூல்களிலோ இல்லை, நற்செய்தியாளர்களே ஆக்கியது போலிருக்கிறது என்று எழுதிவிட்டார். வேதாகமத்தை இலத்தீனில் பெயர்த்த எரோனிமஸ் லூக்காவுக்கு "அன்றாட" என்றும் மத்தேயுவுக்கு "பொருளுக்கு மேலான" என்றும் ஒரே சொல்லை இரண்டாகப் பெயர்த்தார். எகிப்தில் கிடைத்த ஒரு வீட்டுச் செலவுக் கணக்கில் இச்சொல் இருப்பதாக நெடுங்காலம் அகராதிகள் சொல்லி வந்தன. அந்தப் பப்பிரசைத் திரும்ப வாசித்தபோது இருந்தது எலாயு, எண்ணெய்.

ஆகவே இங்கே வேரைத்தான் பார்க்க வேண்டும். மூன்று வழி. எபி, ஊசியா: உயிர்வாழத் தேவையான. ஹே எபியூசா, வருகிற நாள், அப்போஸ்தலர் 16:11 இல் "மறுநாள்" என்று வருவது: நாளைக்கான. மூன்றாவது, இந்த நாளுக்கான. பழைய மொழிபெயர்ப்பு முதல் வழியில் போயிருக்கிறது, கத்தோலிக்கச் செபத்தின் "அனுதின" மூன்றாவதற்கு அருகில். மூன்றையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் வசனத்துக்குள் வைத்து வாசிக்கச் செய்யுங்கள். லூக்காவில் "அன்றன்று" என்று தனிச்சொல்லும் இருக்கிறது, அதனோடு எது இடிக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அதற்கு மேல் ஒன்றைத் தெரிந்து "மூலபாஷையில் இதுதான் பொருள்" என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம்.